தெய்வானைக்குத் தொண்டை சரியில்லை

அந்த மாஸ்க்கைச் சித்த எறக்கிட்டுச் சொல்லுங்க, அம்மணி. துணிக்குள்ள பேசினாப் பேச்சு துணியிலயே நின்னுக்குது. ஆங், இப்பச் சொல்லுங்க. மூக்கடைப்பா? அட, அது ஒண்ணும் பெரிசில்லைங்க. நொச்சித் தழையைப் போட்டு ஆவி புடிச்சா விட்டுப் போயிரும். இருந்தாலும் வந்தது நல்லதுதான். இந்த டாக்டர் கைராசிக்காரர்னு எங்கூர்ல பேசிக்கறாங்க.

எனக்கா? எனக்கு ஒண்ணுமில்லைங்க. எனக்கென்ன கேடு, நான் நல்லாத்தான் இருக்கறேன். என் சம்சாரத்துக்குத்தான். தொண்டை. கொரல் போயிருச்சுங்க அவளுக்கு. ரெண்டு மூணு வருசமாக் கொஞ்சங் கொஞ்சமா எறங்கிக்கிட்டே வந்து, இப்ப இருபது நாளா சுத்தமா இல்லை. தெய்வானைன்னு பேரு. கீழ போயிருக்கறா, எம் பொண்ணுகிட்டப் போன் பேசறதுக்கு.

கொரல் இல்லாதவ எப்படிப் போன் பேசுவாங்கறீங்களா? நானும் அதை யோசிச்சேன். போனைக் காதுல வெச்சுக்கிட்டு வாயை அசைப்பா. அக்கட்ட எம் பொண்ணு சுகந்தி புரிஞ்சுக்குவா. அரை மணி நேரம் அப்படியே ஓடும். தாயும் பொண்ணும் அப்படிங்க, அவங்களுக்குள்ள பேச்சுச் சத்தமே வேண்டியதில்லை.

எனக்குச் சென்னிமலைப் பக்கம். பேரும் சென்னியப்பன்தான். விசைத்தறி ஓட்டறேன். முப்பத்தஞ்சு வருசம், ஒரே தறிக்குடோன். உள்ள வந்து பார்த்திருக்கீங்களா? முப்பத்திரெண்டு தறிங்க. நூலைத் தூக்கிக்கிட்டு நாடா அக்கட்டயும் இக்கட்டயும் அடிச்சுக்கிட்டே கெடக்கும். புதுசா வர்றவங்க ரெண்டு நிமிசத்துல காதைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடிருவாங்க. நாங்க அதுக்கு நடுவுலதான் ஊர்க்கதை, வீட்டுக்கதை எல்லாம் பேசறது. கத்தறதெல்லாம் இல்லைங்க. அங்க கத்துனா யாருக்குக் கேக்கும்? எதிராளி மூஞ்சியைப் பார்த்து, வாயை ஒழுங்காத் தெறந்து, உதட்டை முழுசா அசைச்சுச் சொல்லணும். சத்தமே வேண்டாம். அதுபாட்டுக்குக் கேக்கும். மாதேசன்னு ஒருத்தன், பதினஞ்சு தறிக்கு அக்கட்ட நிப்பான். மாமியா வூட்டுச் சண்டையை அங்கிருந்தே சொல்லுவான். எனக்கு ஒரு எழுத்து விடாமக் கேக்கும். அப்படியாப்பட்ட காதுங்க எனக்கு.

ஆனா கரண்டு போச்சுன்னு வெச்சுக்கங்க. தறி மொத்தமும் நின்னிரும். ஒரு சத்தம் இருக்காது. அப்பத்தான் பேசறதுக்கு வசதின்னு நீங்க நெனைப்பீங்க. இல்லைங்க. அப்பத்தான் இவனுக முணுமுணுக்க ஆரம்பிப்பானுக. ஒருத்தன் பீடியைப் பத்த வெச்சுக்கிட்டுப் பேசுவான், ஒருத்தன் சோத்துப் போசியைத் தெறந்துக்கிட்டுக் குனிஞ்சவாக்குல பேசுவான். ஒண்ணும் வெளங்காது. எல்லாரும் சிரிச்சா நானும் சிரிச்சு வெப்பேன். ரொம்ப நாள் யோசிச்சுப் பார்த்தேன், அம்மணி. கரண்டுக்கும் மனுசன் தொண்டைக்கும் ஏதோ சம்பந்தம் இருக்குது. கரண்டு இருந்தாத் தெம்பாப் பேசறான், கரண்டு போனாக் கொரல் எறங்கிருது. படிச்சவங்க யாராச்சும் இதை ஆராயணும். நான் மேஸ்திரிகிட்டச் சொன்னேன். அவன் குனிஞ்சுக்கிட்டே என்னமோ சொன்னான்.

அந்த நர்ஸ் பொண்ணு மறுபடி வெளிய வந்து நிக்குதுங்களே. யாரையோ கூப்பிடுதாட்ட இருக்குது. வாயில அதுக்கும் ஒரு துணி. வர்ற எடத்துல சனங்களுக்கு ஒரு பொறுப்பு வேண்டாமுங்களா? டோக்கனைப் போட்டுட்டு, கூப்பிட்டா எந்திரிக்காம உக்காந்திருக்கறாங்க பாருங்க.

என்னது? சென்னியப்பன்னா கூப்பிட்டுச்சு? இருக்காதுங்க. டோக்கன் என் சம்சாரம் பேர்ல. எங்க மலையைச் சுத்தி வீட்டுக்கு ஒரு சென்னியப்பன். இந்த ஆஸ்பத்திரியிலயே தேடுனா நாலு பேர் இருப்பான்.

அக்கட்ட செவுத்துல போர்டு மாட்டியிருக்குது, பார்த்தீங்களா? 'காது கேளாமையின் ஆரம்ப அறிகுறிகள்'னு. வந்ததுலயிருந்து நாலு வாட்டி படிச்சுப்போட்டேன். எங்க சொந்தபந்தம் பாதிப்பேருக்கு அப்படியே பொருந்துது. 'அடிக்கடி என்ன, என்ன என்று கேட்பது.' இது தெய்வானை. நான் எது சொன்னாலும், 'நான் கேட்டது என்ன, நீங்க சொல்றது என்ன'ம்பா. 'பெண்கள், குழந்தைகளின் பேச்சு புரியாமல் போவது.' அது எந்த ஆம்பளைக்குங்க புரியுது? 'மற்றவர்கள் முணுமுணுப்பது போலத் தோன்றுவது.' இது முழுத் தப்புங்க. முணுமுணுக்கறவனுக்கில்ல அது வியாதி? கேட்டுக்கிட்டிருக்கற அப்பாவிக்கு எப்படி வரும்? எழுதினவரு யோசிக்கலை.

நான் ஏதோ சும்மா சொல்றேன்னு நெனைக்காதீங்க. என் காதுக்குச் சர்ட்டிபிகேட் இருக்குது. போன வருசம் குடோனுக்கே ஒரு மெடிக்கல் கேம்ப் வந்துச்சு. ஒரு பொண்ணு காதுல மாட்டற மிஷினைக் கொண்டாந்து மாட்டி, 'கீ'ன்னு சத்தம் கேக்கறப்பெல்லாம் வெரலைத் தூக்குங்கன்னு சொல்லுச்சு. நான் அதுக்கு எதுத்தாப்புலதான் உக்காந்திருந்தேன். அதும் பாவம் காலையிலயிருந்து நூறு பேருக்குப் பார்த்துக் களைச்சுப்போயிருந்துச்சு. கட்டை வெரலால பட்டனை அமுத்தும், நான் வெரலைத் தூக்குவேன். அமுத்தும், தூக்குவேன். ஒண்ணு தவறலை. நூத்துக்கு நூறு. அந்தப் பொண்ணே அசந்துபோயி, 'இந்தக் குடோன்லயே உங்களுக்குத்தான் ஐயா நல்ல காது'ன்னு எழுதிக் குடுத்துச்சு. அந்தச் சீட்டை நான் சாமி படத்துக்குப் பின்னால வெச்சிருக்கறேன்.

மாதேசனுக்குக் காது கொஞ்சம் மந்தம்னு வந்துச்சு. அவன் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தான். அப்படி அக்கறையில்லாம இருந்தா எப்படி வரும்?

அதனால எங்க வீட்டுல கோளாறு யாருகிட்டன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. தெய்வானை சமையக்கட்டுல நின்னுக்கிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் பேசுவா. அடுப்பைப் பார்த்துப் பேசற பேச்சு அடுப்புக்குத்தானுங்களே. நான் டிவிச் சத்தத்தைச் சித்த கூட்டுவேன். அவ வந்து கொறைப்பா. நான் கூட்டுவேன். பக்கத்து வீட்டுக்காரரு வந்து கேட்டைத் தட்டுவாரு. அவரு தட்டறதும் எனக்குத் தெரியாது, அவ்வளவு மெதுவாத் தட்டுவாரு. அப்பறம் நேரா முன்னால வந்து நின்னு வாயைத் தெறந்து கேப்பாரு, 'என்னங்க, ஊருக்கே போடறீங்களா?'ன்னு. தெளிவாக் கேக்கும். அவருகிட்டக் கொறை சொல்ல முடியாது.

குக்கர் மூணு மாத்திட்டேனுங்க. ஒண்ணும் விசில் அடிக்க மாட்டேங்குது. தெய்வானை கோயிலுக்குப் போற அன்னைக்கு, 'நாலு விசில் வந்தா அடுப்பை அணைச்சிருங்க'ன்னு எதுத்தாப்புல நின்னு சொல்லிட்டுப் போவா. நான் நாற்காலியைப் போட்டு அதுக்கு முன்னாலயே உக்காந்திருப்பேன். ஆவி வரும், தலை குலுங்கும், விசில் வராது. பருப்பு கருகினதுதான் மிச்சம். கடைக்காரன்கிட்டக் கொண்டுபோனா, அவனும் குக்கரை அடுப்புல வெச்சுக் காட்டிட்டு, 'அடிக்குதே'ங்கறான். கூட நின்ன ஆளுகளும் 'அடிக்குது'ங்கறாங்க. யாவாரத்துல எல்லாரும் ஒரே கட்சி.

இன்னொண்ணு கேளுங்க. எங்க வீதி முனையில டிரான்ஸ்பார்மர் ஒண்ணு. அது ராப்பகலா 'ஙொய்'னு எரையுதுங்க. என்னால தாங்க முடியலை. மின்சார ஆபீஸ்ல மூணு வாட்டி எழுதிக் குடுத்தேன். கடைசியில ஒரு லைன்மேன் வந்தான். நல்ல பையன். கம்பத்துக்கிட்டயே போயி நின்னு, காதை வெச்சுக் கேட்டுப்போட்டு, 'சத்தமே இல்லீங்களே ஐயா'ன்னான். இருக்குதுப்பா, இப்பக்கூட எரையுதேன்னேன். அவன் பியூஸைப் புடுங்கிக் காட்டினான். வீதி முச்சூடும் கரண்டு போச்சு. எரைச்சல் மட்டும் நிக்கலை. கரண்டே இல்லாம எரையற டிரான்ஸ்பார்மரை என்னன்னு சொல்றது? அவ்வளவு பழுது. அவனும் பாவம், பியூஸை மாட்டிட்டுப் போயிட்டான். இங்க ஈரோட்டுலயும் அதே டிரான்ஸ்பார்மர்தான் வாங்கிப் போட்டிருப்பாங்களாட்ட இருக்குது. இப்பவும் எரையுது பாருங்க.

சரி, அதை விடுங்க. உங்ககிட்டச் சொல்ல வந்தது பல்லி விசயம். அதுலதான் என் பொண்ணு வாழ்க்கை நிக்குது.

எங்க குலத்துல ஒரு மொறை உண்டுங்க. கல்யாணம் பேசறதுன்னா ரெண்டு வீட்டாரும் எங்க குலசாமி கோயிலுக்குப் போயி, சாமிக்கு முன்னால பேசாம உக்காந்திருப்போம். வலக்கைப் பக்கமிருந்து பல்லி சொல்லணும். ஒரு வாட்டி சொன்னாப் போதும், வெத்தலை பாக்கு மாத்திக்கலாம். ஆனா ஒண்ணு. பொண்ணைக் குடுக்கற வீட்டுக்குப் பெரியவன் காதுல அது விழணும். அவன் எந்திரிச்சு, 'உத்தரவாயிருச்சு, கேட்டேன்'னு சாமியைப் பார்த்துச் சொல்லணும். வேற யாரு கேட்டாலும் கணக்கில்லை. எங்க வீட்டுக்குப் பெரியவன் நான்தான்.

மாப்பிள்ளை பெருந்துறை. தங்கமான பையன். சுகந்தி வேலை செய்யற பனியன் கம்பெனியிலதான் அவனும். ரெண்டு பேருக்கும் புடிச்சுப்போயி, ரெண்டு வீட்டுலயும் சம்மதிச்சு, சாதகமும் பொருந்தி, எல்லாம் கூடி வந்த சம்பந்தம். காலையில பத்து மணிக்கு உக்காந்தோம். அவங்க பக்கம் இருபது பேரு, நம்ம பக்கம் இருபது பேரு. பத்தரை ஆச்சு. பதினொண்ணு ஆச்சு. பல்லி சொல்லலை.

மத்தவங்க சொல்லுச்சுங்கறாங்க. பூசாரி என் முன்னால வந்து, 'வலப்பக்கத் தூண்ல சொல்லிருச்சுங்க, எந்திரிங்க'ன்னாரு. 'பூசாரி, பசிக்குதுன்னா போயிச் சாப்பிட்டுட்டு வாங்க, சாமி பேரைச் சொல்லாதீங்க'ன்னுட்டேன். மூஞ்சி செத்துப்போச்சு அவருக்கு. அப்பறம் எம் மச்சினன் வந்து சொன்னான், மாப்பிள்ளையோட சித்தப்பா வந்து சொன்னாரு. தெய்வானை பொம்பளைங்க வரிசையிலயிருந்து எந்திரிச்சு வந்து, என் மூஞ்சிக்கு நேரா நின்னு, 'சொல்லிருச்சு மாமா, ஏழு வாட்டி சொல்லிருச்சு'ன்னா. அவ சொன்னது எனக்குக் கேட்டுச்சு. பல்லி சொன்னது கேக்கலையே. அவ காதால நான் எப்படிக் கேக்க முடியும்?

எல்லாரும் சொல்றாங்கன்னு எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். தெரியுது. ஆனா கேக்காததைக் கேட்டேன்னு சாமி மொகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுங்களா? என் ஒத்தப் பொண்ணு, அம்மணி. பொய்யைச் சொல்லி அவளை ஒரு வீட்டுக்கு அனுப்பினா நாளைக்கு அவளுக்கு ஒரு கஷ்டம் வர்றப்ப என் வயிறு எப்படி எரியும்? நான் கோவக்காரன்தான், புடிவாதக்காரன்தான். ஆனா சாமிகிட்டப் பொய் சொன்னதில்லை.

மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் உக்காந்தோம். சின்னதுக அழ ஆரம்பிச்சிருச்சு. பெருந்துறைக்காரரு, சம்பந்தியாக வேண்டியவரு, நல்ல பொறுமைசாலி, அவரே எந்திரிச்சுட்டாரு. 'பொண்ணைக் குடுக்க இஷ்டமில்லைன்னா நேராச் சொல்லுங்க, பல்லி மேல பழி போடாதீங்க'ன்னாரு. மூணு வெள்ளிக்கிழமை தள்ளி மறுபடி உக்காரலாம், அன்னைக்கும் இப்படின்னா நாங்க வேற எடம் பார்த்துக்கறோம்னு சொல்லிட்டு வேன் ஏறிப் போயிட்டாங்க. அந்த வெள்ளிக்கிழமைதானுங்க வர்றது. இன்னைக்குச் செவ்வாய். இடையில ரெண்டே நாள்தான் கெடக்குது.

சுகந்தி அழுதுக்கிட்டே போனை நீட்டினா. பல்லி சொன்னதை வீடியோ எடுத்து வெச்சிருக்கறாளாம். பார்த்தேன். தூண்ல பல்லி உக்காந்திருக்குது. சும்மாதான் உக்காந்திருக்குது. 'கண்ணு, இதுல எங்க சொல்லுது?'ன்னு கேட்டேன். அவ போனை வாங்கிக்கிட்டுப் போயிட்டா. பொண்ணு மொகத்தை அப்படிப் பார்க்கறதுக்கு எனக்குத் தாங்கலைங்க.

ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் வெளங்கலை. நான் அன்னைக்குச் சாமியை மட்டும் பார்க்கலை, சனங்களையும் பார்த்துக்கிட்டிருந்தேன். அப்பப்ப எல்லாத் தலையும் ஒண்ணாத் திரும்புச்சு. நாப்பது தலையும் அந்தத் தூணைப் பார்த்து. பேசி வெச்சுக்கிட்டவங்களாட்டம். கைக்கொழந்தைகூடத் திரும்புச்சுங்க. ஏழு வாட்டி. என் தலை மட்டும் திரும்பலை. கைக்கொழந்தையை யாரு பேசி வெச்சிருப்பாங்க? ராத்திரி படுத்தா அது ஒண்ணுதான் வந்து நிக்குது.

சரி போகுது. காத்து கீத்து அடிச்சிருக்கும்.

அன்னையிலயிருந்து தெய்வானைக்குக் கொரல் சுத்தமாப் போயிருச்சு. வெசனத்துல போனதுதான், வேறென்ன. அதுக்கு முன்னாலயாவது தட்டு வெக்கறப்ப, காப்பி குடுக்கறப்ப மூஞ்சியைப் பார்த்து ரெண்டு வார்த்தை வரும். இப்பச் சோத்தை வெச்சுப்போட்டு அக்கட்டயே திரும்பிக்குவா. முதுகுதான் தெரியுது. முதுகுலயிருந்து என்ன சத்தம் வரும்? நானும் சும்மா இருக்கலை. சித்தரத்தை, அதிமதுரம், மொளகுப் பால், பனங்கற்கண்டு, எல்லாம் நானே காச்சிக் குடுத்தேன். பேசாம வாங்கிக் குடிப்பா. குடிக்கறப்ப ஒரு நாள் கண்ணுல தண்ணி வந்துச்சு. மொளகு தூக்கலாப் போயிருச்சு போலிருக்குது.

எனக்குப் பயமா இருக்குதுங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. வீட்டுல அவ கொரல் இல்லாம இருக்க முடியலை. வேலை முடிஞ்சு வந்தா, வாசல்லயே நின்னுக்கறேன். உள்ள போனா அவ இருப்பா, கொரல் இருக்காது. அதுக்குத் தறிக்குடோனே தேவலைன்னு ஞாயித்துக்கெழமை கூடப் போயி உக்காந்துக்கறேன்.

அவ கொரல் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. அவளும் எங்க குடோன்லதான் வேலை செஞ்சா. தார் சுத்துவா. தாருன்னா, நாடாவுக்குள்ள போடறதுக்கு நூலைச் சின்னக் குச்சியில சுத்தறது. அவ மிஷின் அக்கட்டச் செவுத்தோரம், என் தறி வாசலோரம். நடுவுல பன்னெண்டு தறி. முதல்ல 'சாப்பிட்டாச்சா'தான். அப்பறம் அவ வீட்டு ஆட்டுக்குட்டி, அவங்கப்பன் இருமல், எல்லாம் பன்னெண்டு தறிக்கு மேலயே பேசிக்குவோம். பக்கத்துல நின்னு ஒரு நாள் பேசினதில்லை, ஊர் தப்பாப் பேசுமில்ல? ஒரு நாள் துணிஞ்சு கேட்டுப்போட்டேன். 'தெய்வானை, என்னைக் கட்டிக்கறியா?'ன்னு. நிமுந்து பார்த்தா. நூல் அறுந்து மிஷின் சும்மா சுத்திக்கிட்டிருக்குது, அதைக்கூடக் கவனிக்கலை. 'கேட்டுச்சு'ன்னா. அவ்வளவுதான். கட்டிக்கறேன்னும் சொல்லலை, மாட்டேன்னும் சொல்லலை. 'கேட்டுச்சு.' அடுத்த தையில கல்யாணம்.

முப்பத்திரெண்டு தறி ஓடற எடத்துல அந்த ஒத்த வார்த்தை எனக்குக் கோயில் மணியாட்டம் கேட்டுச்சுங்க. அந்தக் கொரலை எங்கயோ தொலைச்சுப்போட்டா. டாக்டரு அதைத் திருப்பிக் குடுத்துட்டாருன்னா போதும். வெள்ளிக்கிழமை அவளே பெருந்துறைக்காரங்ககிட்டப் பேசுவா. பேசினா அவளுக்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டாங்க.

ஈரோட்டுக்குப் போயி உன் தொண்டையைக் காட்டலாம்னு போன வாரம் சொன்னேன். அடுப்பைப் பார்த்துக்கிட்டிருந்தவ அப்படியே திரும்பினா. பதினஞ்சு நாளைக்கப்பறம் அன்னைக்குத்தான் என் மூஞ்சியை முழுசாப் பார்த்தா. 'போலாம். ஆனா டோக்கன் நான்தான் போடுவேன்'னா. தெளிவா வந்துச்சுங்க கொரல். ஆனா அந்த ஒரு வார்த்தையோட மறுபடி போயிருச்சு. அணையப்போற வெளக்கு சித்த பெருசா எரியுமில்லைங்க, அந்த மாதிரியோன்னு நெனைச்சுக்கிட்டேன்.

நீங்க அந்த டிவியைப் பார்க்கறீங்களா? அந்தச் செய்தி படிக்கற பொண்ணைக் கவனிங்க. எப்படி நிறுத்தி நிறுத்தி, மூஞ்சியைப் பார்த்து, நமக்குன்னே சொல்றாப்புல சொல்லுது. தென் மாவட்டத்துல மழையாம். எங்க வீட்டு டிவியில இந்தத் தெளிவு வராது. என்னது? சத்தத்தைக் கொறைச்சு வெச்சிருக்கறாங்களா? சத்தமே வெக்கலையா? அப்ப மழைன்னு எனக்கு எப்படித் தெரியும்? பாருங்க, அம்மணி, நீங்க சின்ன வயசு. உங்களுக்கே அது கேக்கலைன்னா, நான் என்ன சொல்றது.

மறுபடி வந்திருச்சு அந்த நர்ஸ். கையில சீட்டை வெச்சுக்கிட்டு எல்லாரையும் ஒவ்வொருத்தராப் பார்க்குது. அதுக்கும் பொறுமை போயிருச்சு பாவம். எனக்கு முன்னால ஒம்பது பேரு உள்ள போயிட்டு வந்துட்டாங்க, தெய்வானைன்னு ஒரு வாட்டி கூப்பிடலை. இல்லைங்க, நான் போயிக் கேக்க மாட்டேன். அவ பேரைக் கூப்பிடறப்பப் போயிக்கலாம். சென்னியப்பன் சென்னியப்பன்னே கூப்பிடுதா? அந்த ஆளு எங்கயோ டீக்கடையில நிப்பான்.

ஆங், வந்துட்டா. அக்கட்ட மாடிப்படிக் கதவுக்கிட்ட நிக்கறா பாருங்க, அரக்குச் சேலை. அவதான் தெய்வானை. அந்த நர்ஸ் அவகிட்டப் போயி என்னமோ கேக்குது. அவ என்னையக் கை காட்டறா. ஏனுங்க என்னையக் காட்டறா? கூட்டமா நிக்குது, இக்கட்ட வர முடியலையாட்டம் இருக்குது. இருங்க. இருங்க, பேசறா.

'மாமா.'

அம்மணி, பேசறா. வாயைத் தெறந்து பேசறா.

'மாமா. கோவிச்சுக்காதீங்க. டோக்கன் உங்க பேர்லதான் போட்டேன். வெள்ளிக்கிழமை பல்லி சொல்றது உங்க காதுல விழணும். நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். எனக்காக உள்ள போங்க மாமா. சுகந்திக்காக.'

எவ்வளவு தெளிவு பார்த்தீங்களா? நடுவுல அம்பது பேரு நின்னு பேசிக்கிட்டிருக்கறாங்க, அந்த எரைச்சல் வேற, அத்தனையும் தாண்டி வந்துச்சு பாருங்க. அதே கொரல். அதே கொரலுங்க. தார் மிஷின்கிட்ட நின்னுக்கிட்டுச் சொன்னாளே, அதே. இருபது நாளா மருந்து போட்டு வராதது, இந்த ஆஸ்பத்திரி வாசப்படி ஏறினதும் வந்திருச்சு. கைராசின்னா இதுதான். எனக்குக் கண்ணு கலங்குது, ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க.

கேட்டுச்சு, தெய்வானை. கேட்டுச்சு. இதா எந்திரிச்சுட்டேன்.

அவ சொன்னாப் போகாம இருக்க முடியுங்களா? என் பேர்ல எதுக்குப் போட்டாளோ, வெசனத்துல பேரு மாறிப்போயிருக்கும். உள்ள போயி, சம்சாரத்துக்குக் கொரல் வந்திருச்சுங்கன்னு டாக்டருகிட்ட நானே சொல்லிப்போட்டு, அவரு காதைக் காட்டச் சொன்னாக் காதையும் காட்டிட்டு வந்திடறேன். அவ மனசு கோணக்கூடாது.

என்னங்க, நீங்க அப்படிப் பார்க்கறீங்க? சத்தமே வரலையா? அவங்க வாயை மட்டும்தான் அசைச்சாங்களா?

அம்மணி, நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? இந்தா நிக்கற தூரத்துலயிருந்து ஒருத்தி இவ்வளவு நேரம் பேசியிருக்கறா, உங்களுக்கு ஒரு வார்த்தை விழலை. டிவியும் கேக்கலைங்கறீங்க. மூக்கு கெடக்குது, உள்ள போனதும் முதல்ல காதைக் காட்டிருங்க. சின்ன வயசுதான், ஆரம்பம் மாதிரித்தான் தெரியுது. ஆரம்பத்துலயே காட்டிட்டா நல்லதுன்னு அந்தப் போர்டுல கடைசி வரியில போட்டிருக்குது, வேணும்னா எந்திரிச்சுப் போயிப் படிச்சுப் பாருங்க.